வடத்தை எடுத்துவிட்டவர்

அவருக்கு ஃபோன் போட்டால் அவர் பேச மாட்டார். வேறு யாராவது பேசுவார்கள். ஒரு நாள், கடன் வேண்டுமா என்று குழையும் வங்கிப் பெண். ஒரு நாள், படிக்கட்டில் நிற்பவர்களை உள்ளே விரட்டும் பேருந்து நடத்துநர். சில நாள் நானே பேசுவேன். அதுதான் எல்லாவற்றிலும் மோசம். நான் "ஹலோ" என்றால் மறுமுனையில் என் குரலே "ஹலோ, யாருங்க, என்ன வேணும்?" என்று சிடுசிடுக்கும். என் குரல் மூக்கடைத்த மாதிரி இருக்கும் என்பதும், எந்நேரமும் சண்டைக்கு நிற்பது போல ஒலிக்கும் என்பதும் அவர் மூலமாகத்தான் எனக்குத் தெரியவந்தது. என் மனைவிக்கு முன்பே தெரியுமாம். சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள் பிடித்து, உள்ளறையில் குடித்தனமும் முன்னறையில் தொழிலுமாக அவர் மொபைல் கேம் செய்துகொண்டிருந்தார். எல்லாம் புதிர் விளையாட்டுகள். ஒரே நிறத் தண்ணீரை ஒரே பாட்டிலில் சேர்ப்பது, பலகையில் இருக்கும் ஸ்க்ரூக்களை வரிசை தப்பாமல் கழற்றுவது, நெரிசலில் மாட்டிய வண்டியை விரலால் இழுத்து வெளியே கொண்டுவருவது. நீங்களும் ஆடியிருப்பீர்கள். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஊரே ஆடுகிறது. அவற்றில் ஒன்றுகூட அவருடைய யோசனை இல்லை. எங்கோ ஒரு தேசத்தில் யாரோ யோசித்திருப்பார்கள். அது பிரபலமான மறுமாதம் இவர் அதேபோல ஒன்றைச் செய்து ஸ்டோரில் ஏற்றிவிடுவார். இந்தத் தொழிலில் முக்கால்வாசிப் பேர் செய்வது அதுதான். ஆனால் யாரும் வெளியே சொல்வதில்லை. இவர் சொல்வார். சொல்வதோடு நிற்காமல் வாசலில் போர்டே வைத்திருந்தார். நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு சொல்: நகல்.

"இந்த ஊர்ல எந்தக் கடையப் பாத்தாலும் அசல் பால்கோவா, ஒரிஜினல் பால்கோவான்னு போட்டிருக்கான். நகல்னு உண்மையச் சொல்லி போர்டு வச்சிருக்கது நா ஒருத்தந்தான்" என்பார்.

அந்த போர்டால் ஒரு தொந்தரவு இருந்தது. ஆதார் அட்டையையும் ரேஷன் கார்டையும் கையில் பிடித்துக்கொண்டு ஜனங்கள் மாடி ஏறி வந்தார்கள். முதலில் விளக்கம் சொல்லிப் பார்த்தார். பிறகு அலுத்துப்போய் ஒரு ஜெராக்ஸ் மெஷினே வாங்கிப் போட்டுவிட்டார். கேம் படுத்துவிட்ட மாதங்களில் வீட்டு அடுப்பு எரிந்தது அந்த மெஷினால்தான் என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பார்.

நான் அப்போதுதான் சென்னை வேலையை விட்டுவிட்டு ராஜபாளையத்துக்குத் திரும்பியிருந்தேன். சென்னையிலும் கேம் கம்பெனிதான். திங்கள்கிழமை காலையில் மேனேஜர் வருவார். அந்த வாரம் எந்த விளையாட்டு உச்சியில் இருக்கிறதோ அதைத் திரையில் காட்டி, "இதே மாதிரி, ஆனா கலர் வேற" என்பார். கலரை மாற்றி மாற்றி எனக்கு வெறுத்துவிட்டது. என்னுடையது என்று ஒன்றாவது செய்துவிட வேண்டும் என்ற வெறியோடு ஊருக்கு வந்தேன். என் மனைவி வத்திராயிருப்புக்காரி. ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்துகொண்டாள். சேர்ந்த கையோடு எனக்கு ஒரு கெடு வைத்தாள். "அடுத்த ஆடித் தேரு வரைக்கும் பாருங்க. கேம் காலூன்றி நின்னா நிக்கட்டும். இல்லைன்னா மூட்டையக் கட்டுவோம், மறுபடி சென்னைதான்." நியாயமான கெடு.

ஊரில் இந்தத் தொழிலைப் பற்றிப் பேச ஆள் கிடையாது. மொபைல் கடை பாய்தான் வழி காட்டினார். "வில்லிபுத்தூர்ல ஒருத்தர் இருக்காரு, போய்ப் பாருங்க. ஆனா என்ன செய்யப்போறீங்கன்னு மட்டும் வாயத் தொறந்துறாதீங்க. நாளைக்கே அதே மாதிரி ஒண்ணு செஞ்சிருவாரு." போனேன். அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் முன்னால் உட்கார்ந்தால் அப்படித்தான். நம்மை அவ்வளவு கவனமாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நகலெடுப்பது அவருக்குத் தொழில் மட்டும் இல்லை. உடம்பிலேயே ஊறிய குணம். டீக்கடையில் மாஸ்டர் டீ ஆற்றினால் இவர் கை தானாக மேலே போகும். யாரோடு நடந்தாலும் அவர்களுடைய நடை வந்துவிடும். என் வீட்டு ஓனர் தெலுங்கு பேசுகிறவர். ஒரு நாள் இவரைப் பார்த்து "ஏமண்டி, பாகுன்னாரா?" என்று விசாரித்தார். இவர் அதே இழுவையில், அதே தலையாட்டலோடு திருப்பிக் கேட்டார். ஓனர் குஷியாகி வெகுநேரம் தெலுங்கில் பேசிக்கொண்டே போனார். இவருக்கு அதற்கு மேல் ஒரு சொல்லும் தெரியாது என்று புரிந்தபோது மனிதர் என்னை முறைத்தாரே, அதை மறக்க முடியாது. கிறிஸ்துமஸ் விழாவில் தன் சபைப் போதகரைப் போலவே பிரசங்கம் செய்வார். முன்வரிசையில் போதகர் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். ஒரு வருஷம் போதகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டபோது, "பேசாம நீயே ஏறிப் பேசிருப்பா" என்றாராம்.

"புடிச்சதத்தான் காப்பி அடிப்பேன், ராசபாளையத்தாரே. புடிக்காதத எவன் மெனக்கெட்டு அடிப்பான்? ஒருத்தரு மாதிரி செய்யணும்னா அவியள எம்புட்டுப் பாக்கணும் தெரியுமா? அவிய வீட்டம்மா கூட அம்புட்டுப் பாத்திருக்க மாட்டாவ."

என்னை அவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. ராசபாளையத்தார்தான். எனக்கு அவர் அண்ணாச்சி. நாலைந்து வயது மூத்தவராக இருப்பார்.

அவர் சொன்னது பொய்யில்லை. ஒரு விளையாட்டை நகலெடுப்பதற்கு முன்னால் அதை ஆடித் தீர்த்துவிடுவார். வேண்டுமென்றே தோற்பார். தோற்றால் அது எப்படி ஆறுதல் சொல்கிறது, ஜெயித்தால் எத்தனை நட்சத்திரம் தூவுகிறது என்று பார்ப்பார். அசலில் ஒரு கட்டம் லேசாக விலகி நின்றால் இவருடையதிலும் விலகித்தான் நிற்கும். "அதைச் சரி பண்ணிரலாமே அண்ணாச்சி" என்றால் கோபம் வரும். "தப்பையும் சேத்து எடுத்தாத்தான் நகல். தப்பத் திருத்துனா அது கலப்படம்." பால்கோவாவில் மாவு கலப்பவனைப் பற்றிப் பேசுவது போல அதைச் சொல்வார்.

சிரித்துக்கொண்டே இருந்த எனக்கு ஒரு நாள் சிரிப்பு நின்றது. அவர் அம்மாவுக்குப் பார்வை குறைந்துவிட்டிருந்தது. உள்ளறைக் கட்டிலில் இருப்பார். அப்பா காலமாகிச் சில வருஷங்கள். நான் அங்கே இருந்தபோது அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். இவர் என்னோடு பேசிக்கொண்டிருந்தவர், முகத்தை அறைப் பக்கம் திருப்பி, கட்டையான ஒரு கிழட்டுக் குரலில், "ஏட்டி, காப்பி ஆறுது, எந்திரி" என்றார். உள்ளே அம்மா மெல்ல எழுந்து உட்கார்ந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, டம்ளருக்குக் கை நீட்டினார்.

"அது அப்பா இல்லைன்னு அம்மாவுக்குத் தெரியாதா?" என்று தணிந்த குரலில் கேட்டேன்.

"தெரியாம என்ன. தெரிஞ்சுதான் எந்திக்காவ. நா நானாக் கூப்பிட்டா எந்திக்க மாட்டாவ."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள், "அப்ப அவருக்குச் சொந்தக் குரல்னு ஒண்ணு உண்டா?" என்றாள். உண்டு என்றேன். சாதாரணமாகப் பேசும்போது கனமாக, நிறுத்தி நிறுத்தி, பாடம் நடத்துவது போல ஒரு குரல் வருமே, அதுதான். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த முறை போனபோது அவர் அம்மாதான் அதையும் உடைத்தார். "அது அவம் பள்ளிக்கூடத்து வாத்தியாரு குரல்லா?"

அதன் பிறகு அவரோடு பேசும்போது ஒரு சங்கடம் இருந்துகொண்டே இருந்தது. யாரோடு பேசுகிறேன் என்று தெரியாத சங்கடம்.

என் விளையாட்டு, தேர். தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. ஊரே வடம் பிடித்து இழுக்கும், அது நேராக வரும். வீதி மூலையில் அதைத் திருப்புவது, சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுகிறவர்கள். இடது சக்கரத்தில் கட்டை விழுந்தால் அந்தப் பக்கம் நிற்கும், மறுபக்கம் சுற்றி வரும். தேர் இடப்பக்கம் திரும்பும். சிறுவயதில் அப்பா தோளில் உட்கார்ந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்த்தது. என் விளையாட்டில் விரலால் வடத்தை இழுக்க வேண்டும். மூலை வந்ததும் கட்டை போட வேண்டும். பந்தலிலும் மின்கம்பியிலும் பூக்கடையிலும் இடிக்காமல் சுற்றிவந்து நிலை சேர்க்க வேண்டும். ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு வீதி. இப்படி ஒன்று உலகத்தில் எங்கேயும் இல்லை என்று தேடிப் பார்த்து நிச்சயம் செய்துகொண்டேன். அந்த நிச்சயம் எனக்குச் சாப்பாடு மாதிரி இருந்தது.

ஸ்டோரில் ஏற்றினேன். சொந்தக்காரர்கள் டவுன்லோடு செய்தார்கள், மனைவியின் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் செய்தார்கள். பிறகு ஒருவரும் வரவில்லை. வந்தவர்களும் மூன்றாவது வீதியில் விட்டுவிட்டுப் போனார்கள். வீதியை அகலமாக்கினேன், பூக்கடையை நகர்த்தினேன், பின்னால் நாதஸ்வரம் சேர்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சித்திரை போய் வைகாசி வந்தது. மனைவி கெடுவைப் பற்றி வாய் திறக்கவில்லை. பழைய மேனேஜரின் நம்பர் ஃபோனில் இருக்கிறதா என்று நானே ஒரு நாள் பார்த்துவைத்தேன்.

அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் ஃபோனை நீட்டினாள். வகுப்புப் பிள்ளை ஒருத்தி காட்டினாளாம். "சார் கேம் மாதிரியே இன்னொண்ணு இருக்கு டீச்சர், ஆனா இது சூப்பரா இருக்கு."

அதே தேர். அதே வீதிகள். நான் தெரியாமல் கோணலாக நட்ட விளக்குக் கம்பம்கூட அதே கோணலில் நின்றது. கீழே பொடி எழுத்தில், 'இது ராஜபாளையத்துக்காரர் ஒருவர் செய்த விளையாட்டின் நகல்' என்று போட்டிருந்தது. என்னுடையதை ஊர் தாண்டி யாரும் சீந்தவில்லை. அவருடையது மதுரையிலும் கோயம்புத்தூரிலும் ஓடிக்கொண்டிருந்தது.

பஸ் ஏறினேன். உட்கார இடமிருந்தும் உட்காரவில்லை. மாடிப்படியிலேயே கத்தத் தொடங்கிவிட்டேன். ஜெராக்ஸுக்கு நின்றிருந்த பெண்கள் அட்டைகளை வாங்கிக்கொண்டு ஓரமாக இறங்கிப் போனார்கள். உள்ளறையிலிருந்து அவர் அம்மா, "ஏலே, நீயாலே இந்தக் கத்து கத்துத?" என்றார்.

"இல்லம்மா, இது அசலு. அவரே வந்திருக்காரு" என்றவர் என் பக்கம் திரும்பினார். "செத்த உக்காருங்க, ராசபாளையத்தாரே. பால்கோவா இருக்கு, சாப்பிடுங்க."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். அது என்னோடது அண்ணாச்சி."

"ஒங்களோடதுதான். நா எங்க இல்லைன்னேன்? எழுதியே போட்டிருக்கேனே."

"எழுதிப் போட்டா ஆச்சா? நீங்க அடிச்சதெல்லாம் எவனோ பெரிய கம்பெனிக்காரனோடது, அவனுக்கு நூறு இருக்கும். எனக்கு இருக்கது இந்த ஒண்ணுதான். இதுவும் போச்சுன்னா ஆடிக்குப் பொறவு நான் சென்னைக்குப் போவணும்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. கெடுவைப் பற்றி மட்டும் அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். உட்காராமல் நின்றார்.

"அது எனக்குத் தெரியாதுய்யா. ரொம்பப் புடிச்சுப் போச்சு, அதான் அடிச்சேன். ஆனா இன்னொண்ணு சொல்லணும், வெக்கமா இருக்கு. காப்பி சரியா வரல."

"என்ன சரியா வரல?"

"வடம் வரல. ஒங்களுதுல விரலுக்கு அந்த வடம் கொழைஞ்சு வருதுல்ல, எனக்கு அப்படி வரவே மாட்டேன்னுட்டு. சரி, மொதல்ல தேரு ஓடுதான்னு பாப்போம்னு வடத்த எடுத்துட்டு ஓட்டுனேன். கூட வேல பாக்கவன் அவசரப்பட்டு அதையே ஸ்டோர்ல ஏத்திட்டான். இம்புட்டு நாள்ல நா தப்பா எடுத்த நகல் இது ஒண்ணுதான்."

உண்மையாகவே வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் இரண்டு ஃபோன்களை எடுத்தார். ஒன்றில் என் தேர், ஒன்றில் அவர் தேர்.

"அத ஸ்டோர்ல இருந்து எடுத்துட மனசு வரல, ஏன்னு காட்டுதேன். ஒங்களுதுல மூணாவது வீதியில எல்லாரும் ஏன் விட்டுட்டுப் போறாவ தெரியுமா? இழுக்கது நீங்க. இடிக்கப் போவுதுன்னா இழுக்காம நின்னுருவீங்க. பொறவு கட்டை எதுக்கு? பயமே இல்லையே. இதப் பாருங்க. இழுக்கது ஊரு. நீங்க வேண்டாம்னாலும் தேரு வரும். ஒங்க கையில இருக்கது கட்டை மட்டுந்தான்."

நான் இரண்டு ஃபோன்களையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"சின்னப் புள்ளையில இருந்து வீதி மூலையில நின்னு பாத்திருக்கேன். தேரு அன்னைக்கு நாங்க மோர்ப்பந்தல் போடுவோம்லா? கட்டை போடுதவரு ஒரு நாளும் வடத்தத் தொட்டதில்ல. அவரு கூட்டத்தப் பாக்க மாட்டாரு, மேல கலசத்தப் பாக்க மாட்டாரு. சக்கரந்தான்."

சொல்லிக்கொண்டே சட்டென்று மேஜைக்குப் பக்கத்தில் குனிந்தார். இரண்டு கையிலும் இல்லாத ஒரு கட்டையைப் பிடித்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கண் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் எதையோ பார்த்து நிலைகுத்தியது. அந்த அறைக்குள் தேர் வந்தது. நான் என் காலை இழுத்துக்கொண்டேன்.

நிமிர்ந்து வேர்வையைத் துடைத்தார். "கோவிச்சுக்கிடாதீங்க, ஒண்ணு சொல்லுதேன். அந்த வடம் ஒங்களோடது இல்ல."

"என்னது?"

"தேரு ஒங்களோடது. கட்டை ஒங்களோடது. விரல வச்சு இழுக்கது இருக்கே, அது நெரிசல்ல மாட்டுன வண்டிய இழுக்க கேம்ல இருக்கது. அதுக்கு முன்னால இன்னொண்ணுல இருந்துது. ரெண்டையும் காப்பி அடிச்சவன் நா, எனக்குத் தெரியாதா? நீங்க தெரியாம அடிச்சிருக்கீங்க. நா தெரிஞ்சு அடிக்கேன். அம்புட்டுத்தான் வித்தியாசம்."

சொல்லாமல் கொள்ளாமல் இறங்கி வந்துவிட்டேன். உலகத்தில் எங்கும் இல்லை என்று நான் வைத்திருந்த நிச்சயத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. அவர் சொன்னது பொய் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நிரூபிக்கப் பார்த்தேன். சென்னையில் நான் கலர் மாற்றிய விளையாட்டுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் விரல் எதையோ இழுத்துக்கொண்டுதான் இருந்தது. பையில் ஏதோ தட்டுப்பட்டது. எப்போது திணித்தாரோ, பால்கோவாப் பொட்டலம்.

மனைவி அதைத் தின்றுகொண்டே அவர் விளையாட்டை ஆடினாள். என் விளையாட்டை அவள் ஆடியதெல்லாம் எனக்காக. மூன்றாவது வீதி வந்ததும் "நல்லா இருக்குங்க" என்று ஃபோனைக் கீழே வைத்துவிடுவாள். இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டு, "அய்யோ பந்தல், அய்யோ பந்தல்" என்று சோபாவின் நுனிக்கு வந்துவிட்டாள். அடுப்பில் பால் பொங்குது என்றேன். "செத்த சும்மா இருங்க, தேரு வருது" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி பாலைப் பொங்க விட்டவள் இல்லை.

இரண்டு நாள் யாரோடும் பேசாமல் கிடந்தேன். வடத்தை எடுத்துவிட்டால் என் தேர் நிற்கும், நானும் ஊரில் நிற்பேன். ஆனால் அப்போது என்னுடையது, என்னை நகலெடுத்தவரின் நகல். எடுக்காவிட்டால் சென்னை, திங்கள்கிழமை, கலர் வேற. எப்படிப் பார்த்தாலும் காப்பிதான். கடைசியில், கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று தோன்றியது. இந்தத் தொழிலில் யாரும் யாரையும் கேட்பது கிடையாது. எனக்கும் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

ஃபோனை எடுத்தது வங்கிப் பெண். "வணக்கம் சார், கடன் ஏதும் தேவைப்படுதுங்களா?"

"ஆமா, கடன்தான் கேக்கேன்" என்றேன். "அண்ணாச்சி, ஒங்க தப்ப நான் எடுத்துக்கட்டுமா? வடம் இல்லாம என்னோடதையும் மாத்திக்கட்டுமான்னு கேக்கேன். ஒங்க சம்மதம் இல்லாம செய்ய மாட்டேன்."

மறுமுனையில் ஒன்றும் கேட்கவில்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு யாரோ பேசினார்கள். மெல்லிய குரல், கொஞ்சம் கீச்சென்று, மூச்சு வாங்கிக்கொண்டு. நான் கேட்டறியாத குரல்.

"எ... என்கிட்ட இதுவரைக்கும் யா... யாரும் எதையும் கேட்டதில்ல."

"யாருங்க பேசுறது?" என்று கேட்டுவிட்டேன்.

"நா... நாந்தான்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பிற்பாடு அவர் அம்மா சொன்னார். சின்ன வயதில் அவர் வாயைத் திறந்தால் சொல் தடுக்கும். வகுப்பே சிரிக்கும். ஒரு நாள் விளையாட்டாக வாத்தியாரைப் போலப் பேசிக்காட்டினார். தடுக்கவே இல்லை. அன்றைக்கு அந்தக் குரலுக்குள் போனவர்தான், வெளியே வரவில்லை. யார் குரலில் பேசினாலும் சரளமாக வந்தது, தன் குரலைத் தவிர.

ஃபோனில் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி வாத்தியார் குரலுக்குப் போய்விட்டார். "தாராளமா எடுத்துக்கோங்க. ஆனா எம்பேர எங்கயும் போட்டுராதீங்க. பேரு போட்டா நா அசலாயிருவேன். பொறவு வாசல்ல இருக்க போர்டக் கழட்டணும்லா?" சரி என்று வாக்குக் கொடுத்தேன். அதற்காகத்தான் இங்கேயும் அவர் பெயரை எழுதவில்லை.

என் புதிய தேர் ஸ்டோரில் ஏறிய அன்றே அவருடைய தேர் காணாமல் போனது. அவர் செய்தவற்றிலேயே நன்றாக ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். அதை இறக்கச் சொல்லி நான் கேட்கவே இல்லை. ஏன் அண்ணாச்சி என்று சண்டை போட்டேன். "சரியா வராத நகல எத்தன நாள் கடையில வச்சிருக்க?" என்றார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து எதையும் பிடுங்க முடியவில்லை.

அந்த ஆடித் தேர் அன்று நானும் மனைவியும் அவர்களுடைய மோர்ப்பந்தலில் நின்றோம். மனைவி மோர் ஊற்றினாள். பந்தலில் காத்திருந்த இரண்டு கல்லூரிப் பையன்கள் நிஜத் தேர் வருவதைக்கூடப் பார்க்காமல் ஃபோனில் என் தேரைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். மனைவி என்னை முழங்கையால் இடித்து அதைக் காட்டினாள். "மூட்டையக் கட்ட வேண்டாம்போல" என்றாள். கூட்டத்தின் மறுபக்கம் அவர், கட்டை போடுகிறவரையே பார்த்தபடி, தானும் லேசாகக் குனிந்து நின்றிருந்தார்.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகின்றன. அவர் அம்மா காலமானபோது போயிருந்தேன். அன்றைக்கு அவர் யார் குரலிலும் பேசவில்லை. பேசவே இல்லை. அடுத்த வருஷம் குடும்பத்தோடு தன் மனைவியின் ஊரான நாசரேத்துப் பக்கம் போய்விட்டார். அங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அதே நீல போர்டுதான். இப்போது அதைப் பார்த்து யாரும் குழம்புவதில்லை.

நான் ராஜபாளையத்திலேயே இருக்கிறேன். என்னோடு சில பேர் வேலை செய்கிறார்கள். யாராவது புது யோசனையோடு வந்து, இது எங்கேயுமே இல்லை சார் என்று கண்ணை விரித்தால், "இதுல வடம் எது, பாத்தியா?" என்று கேட்பேன். இப்போது எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் அந்தப் பேச்சு பழகிவிட்டது. யார் சொன்னது என்று கேட்பார்கள். ஒரு அண்ணாச்சி என்பேன். நான் சொந்த ஊரில் சோறு தின்பதும், வேலை செய்யும்போது எனக்குச் சிரிப்பு வருவதும் அவர் போட்ட பிச்சை. இதை அவரிடம் சொன்னால் என் குரலிலேயே என்னைத் திட்டுவார்.

போன மாதம் ஒரு விஷயம் நடந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று எங்கள் தேரை நகலெடுத்திருந்தது. எந்தத் தேசம் என்றுகூடத் தெரியவில்லை. தேருக்குப் பதிலாக ஏதோ கோபுர வண்டி, வீதிக்குப் பதிலாகப் பனிமலை. ஆபீஸில் எல்லோரும் கொதித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. வெளியே வந்து அண்ணாச்சிக்கு ஃபோன் போட்டேன்.

நடத்துநர்தான் எடுத்தார். "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத."

"அண்ணாச்சி, நம்ம தேர வெளிநாட்டுக்காரன் காப்பி அடிச்சிட்டான்."

"அடிக்கட்டும்யா. புடிச்சிருக்கும், அடிச்சிருப்பான்."

"தேரு இல்ல அதுல. வீதி இல்ல, பந்தல் இல்ல, கலசம் இல்ல. என்னோடது எதையுமே அவன் எடுக்கல. வண்டி தானா வருது. கையில கட்டை மட்டுந்தான். வடம் இல்ல அண்ணாச்சி."

நடத்துநரின் சத்தம் நின்றுவிட்டது. ஜெராக்ஸ் மெஷின் ஓடும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது. பிறகு அந்த மெல்லிய குரல், எனக்கு ஒரே ஒரு முறை வாய்த்த குரல், தடுமாறி வந்தது.

"அ... அப்ப அவன் அடிச்சது எ... என்னோடதையா?"

"ஆமா அண்ணாச்சி. ஒங்களோடது."

"இ... இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன்.